தேநீர் சிந்திய மடிக்கணினி: தேறுமா, தேறாதா?

ஒரு குடும்பத்தின் உடைமைகள் யாவை என்று முன்னாளில் கேட்டால் நிலம், வீடு, கறவை மாடு, தையல் இயந்திரம் என்று வரிசைப்படுத்துவார்கள். இன்று எங்கள் ஆம்பூரில், படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில், மடிக்கணினியும் அந்த வரிசையில் இடம் பெற்றுவிட்டது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் வழியாகத்தான் இக்கருவி பல எளிய இல்லங்களுக்குள் முதன்முதலாக நுழைந்தது. 2025-26ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதை வைத்துப் படிக்கத் தனி மேசை உடையவர் நம்முள் மிகச் சிலரே. சோறு உண்ணும் இடமும், தேநீர் அருந்தும் இடமும், படிக்கும் இடமும் ஒன்றாகவே உள்ளன. ஆகவே மடிக்கணினியின்மேல் தேநீர் சிந்துவது எந்த வீட்டிலும் நிகழக்கூடியதே. சிந்திய பின் எழும் கேள்விதான் கடினமானது. பணம் செலவிட்டுப் பழுது பார்ப்பதா? அல்லது அதைக் கைவிட்டு வேறொன்று வாங்குவதா?

நான் வேதியியல் பயிலும் மாணவி. கணினி பழுது பார்ப்பவள் அல்லள். ஆயினும் இக்கேள்வியின் வேர் வேதியியலில்தான் இருக்கிறது. வேரைக் கண்டால் விடை காண்பது எளிது என்பதால் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

நீர் பகையாவது எவ்வாறு?

தூய நீர் மின்சாரத்தைக் கடத்துவதில் மிகவும் பலவீனமானது. இதை நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். ஆனால் நம் கையில் உள்ள நீர் தூய நீரன்று. குழாய் நீரில் உப்புகள் கரைந்துள்ளன. தேநீரில் அவற்றுடன் சர்க்கரை, பாலின் புரதம், துவர்ப்புப் பொருள்கள் ஆகியனவும் உள்ளன. கரைந்த உப்புகள் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன.

மடிக்கணினியின் உள்ளே முதன்மைப் பலகை ஒன்று இருக்கிறது. பழுது பார்ப்பவர் அதனை ‘மதர்போர்டு’ என்பர். செம்புத் தடங்களும் கடுகினும் சிறிய உறுப்புகளும் அதில் நெருங்கி அமைந்துள்ளன. சில இடங்களில் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு சொட்டுத் தேநீர் அவ்விடைவெளியில் தங்கினால், இரண்டு தடங்களையும் அது இணைத்துவிடுகிறது. உடனே குறுக்குச்சுற்று ஏற்பட்டு ஓர் உறுப்பு எரிந்துபோகலாம். இது முதல் ஆபத்து.

இரண்டாவது ஆபத்து மெதுவாக வருவது. தடங்களுக்கு இடையே மின்னழுத்தம் இருக்கும்வரை, நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து அயனியாகிறது. அது எதிர்மின் பக்கம் சென்று மீண்டும் உலோகமாகப் படிகிறது. ஆய்வுக்கூடத்தில் செம்பு முலாம் பூசும்போது நாம் விரும்பிச் செய்யும் அதே வினை, இங்கே விரும்பாமலே நடைபெறுகிறது. ஒரு பக்கம் தடம் அரிக்கப்பட்டு அறுந்துபோகிறது. மறுபக்கம் மரக்கிளை போல உலோகம் வளர்ந்து புதிய குறுக்குச்சுற்றை உண்டாக்குகிறது.

கணினியை அணைத்துவிட்டோமே, பிறகென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அணைத்தாலும் உள்ளே மின்கலம் இணைந்தே இருக்கிறது. அதிலிருந்து பலகையின் சில பகுதிகளுக்கு மின்னழுத்தம் வந்துகொண்டே இருக்கும். எனவே திரை இருண்டதால் வினையும் நின்றுவிட்டது என்று நினைப்பது தவறு.

உலர்வது வேறு, தூய்மையாவது வேறு

இவ்வேறுபாட்டை எங்கள் ஊர்க்காரர் எளிதில் புரிந்துகொள்வர். தோல் தொழிற்சாலைக்கு வரும் பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிட்டே வருகிறது. பார்ப்பதற்கு உலர்ந்த தோல்தான். ஆனால் அதை அப்படியே பதனிட யாரும் துணியார். முதல் வேலை, நீரில் ஊறவைத்து அலசுவதே. உள்ளே தங்கியிருக்கும் உப்பும் குருதியும் அழுக்கும் வெளியேறினால்தான் சுண்ணாம்பிடுதல் முதலிய அடுத்த வேலைகள் தொடங்கும்.

பாலாற்றுப் பகுதியில் பல கிணற்று நீரைப் பாத்திரத்தில் காய்ச்சினால், நீர் வற்றிய பின் அடியில் வெண்படலம் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் போய்விட்டது, அதில் கரைந்திருந்தது போகவில்லை. மடிக்கணினியிலும் இதுவே நிகழ்கிறது. தேநீரின் ஈரம் ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். சர்க்கரைப் பிசினும் பாலின் கறையும் உப்பும் பலகையிலேயே தங்கிவிடும். உப்பும் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையவை. மழைக்காலம் வந்ததும் அந்தப் படலம் மறுபடியும் ஈரமாகிறது. அரிப்பும் மறுபடியும் தொடங்குகிறது. உலர்ந்தபின் நன்றாக வேலை செய்த கணினி, சில வாரங்களோ மாதங்களோ கழிந்து திடீரென நின்றுவிடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று கூறுவோர் உண்டு. எங்கள் ஊரில் மற்றொரு வைத்தியமும் உண்டு. ஷூ பெட்டிகளில் ஈரம் பிடிக்காதிருக்கப் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, அவற்றோடு கணினியை ஒரு பையில் கட்டி வைப்பார்கள். சிலிக்கா ஜெல் காற்றின் ஈரத்தை ஈர்ப்பது மெய்யே. ஆயினும் அரிசியோ சிலிக்கா ஜெல்லோ ஒரு சிட்டிகைச் சர்க்கரையைக்கூடப் பலகையிலிருந்து எடுக்க மாட்டா. அரிசியின் தூள் உள்ளே புகுந்தால் அதுவும் ஒரு தொல்லையே.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘உலர்ந்துவிட்டதா?’ என்பதன்று, ‘உள்ளே என்ன தங்கியிருக்கிறது?’ என்பதே. பழுது பார்க்கலாமா என்னும் முடிவு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

சிந்திய உடனே செய்ய வேண்டுவன

முதலாவது, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துச் சார்ஜரை நீக்க வேண்டும். இரண்டாவது, கோப்புகளைச் சேமிக்கக் காத்திராமல், ஆற்றல் பொத்தானைப் பத்து விநாடிகள்போல் அழுத்திப் பிடித்துக் கணினியை அணைக்க வேண்டும். மூன்றாவது, செருகியுள்ள யாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மின்கலம் வெளியே கழற்றக்கூடியதாயின் அதையும் கழற்ற வேண்டும். நான்காவது, கணினியை விரித்த நிலையில் கவிழ்த்து, கூடாரம் போல ஒரு துண்டின்மேல் நிறுத்த வேண்டும். விசைப்பலகையில் தேங்கிய நீர், கீழேயுள்ள முதன்மைப் பலகைக்கு இறங்காமல் வெளியே வடியும்.

குலுக்கக் கூடாது, அது நீரை உள்ளே பரப்பும். முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றக் கூடாது. அது பிளாஸ்டிக்கை வளைப்பதுடன் சர்க்கரையை இன்னும் இறுகச் செய்யும். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தக் கூடாது. அந்த ஒரு சோதனையே நல்ல பலகையை எரித்துவிடக்கூடும்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மின்கலம் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் இணைப்பைப் பிரிக்க அடிமூடியைத் திறக்க வேண்டும். ஆதலால் அன்றோ மறுநாளோ பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்வதே அறிவுடைமை. லித்தியம் மின்கலம் உப்பியிருந்தாலோ சூடாக இருந்தாலோ அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. அது தீப்பற்றக்கூடிய பொருள்.

எது சிந்தியது? எங்கே சென்றது?

வடிகட்டிய குடிநீர் சிறிதளவு சிந்தி, உடனே மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. உப்பு மிகுந்த கிணற்று நீர் அதனினும் தீயது. சர்க்கரையும் பாலும் கலந்த தேநீர் இன்னும் தீயது. குளிர்பானங்களிலும் பழச்சாற்றிலும் சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்திருக்கிறது. உப்பும் புளியும் எண்ணெயும் கூடிய குழம்பு யாவற்றிலும் கொடியது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் அது வேறு வகை. சேறும் கழிவும் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்துவிடும். அப்போது கணினியை மீட்பதைவிட அதிலுள்ள கோப்புகளை மீட்பதே முதல் நோக்கமாக இருக்க வேண்டும்.

நீர் சென்ற இடமும் முக்கியம். விசைப்பலகையின் அடியில் பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக உள்ளன. அவற்றின் நடுவே நுண்புழை ஈர்ப்பால் தேநீர் பரவினால் துடைத்தெடுக்க இயலாது. விசைப்பலகையை மாற்றுவதே வழக்கம். இது பெரிய செலவன்று. ஆயினும் சில கணினிகளில் விசைப்பலகை மேல்மூடியுடன் சேர்த்தே பொருத்தப்பட்டிருப்பதால் செலவு கூடும். முதன்மைப் பலகையில் பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தால் அது அரிப்பின் அடையாளம். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துலக்கிக் கழுவி, உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்து, கெட்ட உறுப்பை மாற்றலாம். கருகிய இடம் மையச் செயலிக்கு அருகே இருப்பின், பலகையையே மாற்ற நேரிடும். அங்கேதான் செலவு பெரிதாகிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் தாயார் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் 38,000 ரூபாய்க்குத் தவணையில் ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். தவணை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், ஓரிரவு என் தம்பியின் கை பட்டு ஒரு குவளைத் தேநீர் அதன்மேல் கவிழ்ந்தது. கம்பெனியில் தையல் இயந்திரத்தில் எண்ணெய் சிந்தினால் முதலில் சுவிட்சை அணைப்பது அம்மாவுக்குப் பழக்கம். எங்களை அதட்டுவதற்கு முன்பே அவர் சார்ஜரைப் பிடுங்கிவிட்டார். அந்தப் பழக்கமே பின்னர் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

மறுநாள் காலை நாங்கள் முதலில் சென்ற கடையில் கணினியைத் திறவாமலே, “போர்டு போயிடுச்சு. 18,000 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்” என்றனர். அத்தொகை என் தாயாரின் ஒரு மாத ஊதியத்தினும் அதிகம். அதே வகைப் பழைய கணினி, நல்ல நிலையில், 17,000 ரூபாய் அளவில் விற்றது. கணினியினுள்ளே என் மூன்று பருவப் பாடக் குறிப்புகளும், முடிவுறாத செயல்திட்ட அறிக்கையும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருடிய சான்றிதழ்களும் இருந்தன.

இரண்டாவதாக ஒருவரிடம் சென்றோம். “பாய், இது தேறுமா, தேறாதா? மறைக்காம சொல்லுங்க” என்றார் அம்மா. அவர், “திறந்து பார்க்காம நான் எப்படிச் சொல்றதுக்கா? பார்க்குறதுக்கு 300. பார்த்துட்டு உங்களுக்கே காட்டுறேன்” என்றார்.

எங்கள் கண்முன்னேயே திறந்தார். விசைப்பலகையின் அடியில் தேநீர் பாகாக இறுகியிருந்தது. பலகையில், யூ.எஸ்.பி. செருகுவாய்க்கு அருகில் மட்டும் வெண்பூச்சு தெரிந்தது. அவர் முதலில் சேமிப்பகத்தைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, என் கோப்புகளைப் படியெடுத்துத் தந்தார். பின்னர் கணக்கைப் படிப்படியாகச் சொன்னார். பலகையைக் கழுவ 1,200 ரூபாய். கழுவிய பின் உயிர் வந்தால் மட்டுமே விசைப்பலகை வாங்கலாம், அதற்கு 2,000. வராவிட்டால் அத்துடன் நிறுத்திவிடலாம்.

இப்போது என் தாயார் எடுக்க வேண்டிய முடிவு மாறிவிட்டது. 18,000 கொடுப்பதா, வேண்டாமா என்பதன்று கேள்வி. தேறாவிட்டால் இழப்பு 1,500. தேறினால் மொத்தச் செலவு 3,500, மிச்சமாவது 13,500. “1,500 போனா பொறுத்துக்கலாம்; செய்யுங்க” என்றார் அம்மா. கணினி உயிர் பெற்றது. யூ.எஸ்.பி. செருகுவாய் ஒன்று மட்டும் செயலிழந்தது. ஏழு மாதங்களாக அது வேலை செய்து வருகிறது. எங்கே எப்போது அரிப்பு மீண்டும் தலைதூக்கும் என்று உறுதி கூற முடியாதாகையால், வாரந்தோறும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்கிறேன்.

எல்லாருக்கும் இவ்வாறே முடியும் என்று நான் கூறவில்லை. முதல் கடைக்காரர் சொன்னதுபோல் பலகை உண்மையிலேயே எரிந்திருக்கவும் கூடும். திறந்து பார்க்காமல் ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒருபோலவே ஆதாரமற்றவை என்பதே நான் கூற வருவது.

முடிவு செய்யும் முறை

இவ்வனுபவத்திலிருந்தும், விவரம் அறிந்தோரைக் கேட்டும் நான் தொகுத்த முறை பின்வருமாறு:

1. உத்தரவாதத்தைப் பாருங்கள். சாதாரண உத்தரவாதத்தில் நீர் சிந்திய பழுது பெரும்பாலும் சேராது. தனியே பணம் கட்டி விபத்துக் காப்பு எடுத்திருந்தால் சேரலாம். அப்படியானால் வெளியே திறக்கக் கொடுக்காமல் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே செல்லுங்கள்.

2. கோப்புகளைக் கணினியிலிருந்து பிரித்து எண்ணுங்கள். பல கணினிகளில் எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம் தனியே கழற்றக்கூடியது. கணினி இறந்தாலும் கோப்புகள் பிழைக்கும். விண்டோஸ் கணினியில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண் தேவைப்படும். அதை இன்றே குறித்து வையுங்கள். சில வகைகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கோப்புக்காகவே பலகையைப் பழுது பார்க்க நேரலாம்.

3. வாங்கிய விலையோடு ஒப்பிடாதீர்கள். அதே போன்ற பழைய கணினி இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதனோடு ஒப்பிடுங்கள். பழுதுச் செலவு அதில் பாதிக்குள் அடங்கினால் பழுது பார்க்கலாம். பாதியைத் தாண்டினால் தயங்க வேண்டும். இது சட்டமன்று, கணக்கிட உதவும் ஓர் அளவுகோல்.

4. கணினியின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்குப் பெருஞ்செலவில் பலகை மாற்றுவது பொருந்தாது. எனினும் சிறு செலவில் கழுவி, லினக்ஸ் போட்டு, தட்டச்சுக்கும் பாடத்துக்கும் பயன்படுத்துவதில் குறையில்லை.

5. பழுது பார்ப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். திறந்து காட்டுவீர்களா? கழுவுவீர்களா, உலர்த்துவதோடு சரியா? தேறாவிட்டால் கூலி எவ்வளவு? மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருவீர்களா? எத்தனை நாள் பொறுப்பு? இவ்வைந்துக்கும் முகம் சுளிக்காமல் விடை தருபவரை நம்பலாம்.

பழுது பார்ப்பது இன்று நுகர்வோரின் உரிமையாகவும் பேசப்படுகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் இதற்கென ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, ‘பழுது பார்க்கும் உரிமை’ என்னும் இணைய வாசலையும் தொடங்கியது. பொருளைச் செய்தவர்களின் பழுது விவரங்களையும் சேவை மையங்களையும் ஓரிடத்தில் தருவது அதன் நோக்கம்.

தேறாவிட்டால்?

தேறாத கணினியைக் குப்பையில் எறிந்துவிடலாகாது. அதன் மின்கலம் தீப்பற்றலாம். பலகையிலும் பிற உறுப்புகளிலும் உள்ள உலோகங்கள் மண்ணுக்கும் நீருக்கும் சேரலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய பொருள்களைச் செய்து விற்போருக்கே அவற்றின் மறுசுழற்சிப் பொறுப்பையும் விதிக்கின்றன. ஆகவே பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

இதை மற்ற ஊர்களைவிட எங்கள் பகுதி ஆழமாக உணர வேண்டும். தோல் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. நீரில் கரைந்தது தானாகவே மறைந்துவிடாது என்பதற்கு எங்கள் கிணறுகளைவிட வேறு சான்று தேவையில்லை.

மாணவ நண்பர்களே! வேதியியலைத் தேர்வுத்தாளோடு நிறுத்திவிட்டால் அது மதிப்பெண்ணாக மட்டுமே பயன்படும். மின்பகுப்பு பற்றி நாம் படித்த ஒரு பக்கம், ஒரு தாயின் ஒரு மாத ஊதியத்தைக் காக்க வல்லது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய இடர் நேரும்போது, பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டியுங்கள், திறந்து பாருங்கள், உள்ளே தங்கியதைக் கழுவுங்கள், சிறு தொகையைச் செலவிட்டு உண்மையை அறிந்த பின்னரே பெருந்தொகையைப் பற்றி முடிவு செய்யுங்கள். அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த மலரை மூடி வைத்ததும், உங்கள் கோப்புகளை இன்னோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். அதற்குச் செலவு மிகக் குறைவு, பயனோ பெரிது.